பின்னேரம் ஆறு மணிக்கு ஒரு கதிரை

கொழும்பில் குடியை நிறுத்த நினைக்கும் தமிழர், அதற்கென்று நடக்கும் ஏ.ஏ. கூட்டத்தைத் தேடுவதற்கு முன்னால் கையைப் பார்க்கவேண்டும். காலையில் எழுந்து முகம் கழுவுமுன் இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே நீட்டி, விரல்களை விரித்துப் பிடியுங்கள். விரல் நுனி நடுங்குகிறதா? ஒரு வாய் உள்ளே போனபிறகுதான் அந்த நடுக்கம் அடங்குகிறதா? அப்படியென்றால் முதலில் ஆஸ்பத்திரி, அதற்குப் பிறகுதான் கூட்டம்.

நாள்தோறும் குடித்துப் பழகிய உடம்பில் திடீரென்று நிறுத்தினால், கடைசிக் குடிக்குப் பிறகு ஆறு மணித்தியாலத்திலிருந்தே வியர்வை, படபடப்பு, ஓங்காளம், நித்திரையின்மை தொடங்கும். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையில் சிலருக்குப் பிதற்றல், காய்ச்சல், இல்லாத ஆட்கள் தெரிவது, சுவரில் பூச்சி ஊர்வது எல்லாம் சேர்ந்து வரும். வைத்தியர்கள் டிலீரியம் ட்ரெமன்ஸ் என்பது இதைத்தான். பேய் பிடித்துவிட்டது என்று நூல் கட்டக் கொண்டுபோகிறார்களே, அதில் எத்தனை பேருக்கு உண்மையில் இதுவோ. இது உயிரை எடுக்கக்கூடியது. முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், வயது போனவர், ஈரல் வருத்தக்காரர் யாரும் வீட்டில் படுத்துக்கொண்டு 'மனவுறுதியால்' நிறுத்தப் பார்க்கவேண்டாம். ஆள் குழம்பத் தொடங்கினாலோ வலிப்பு வந்தாலோ 1990 அம்புலன்சை அழையுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

வைத்தியரிடம் 'கொஞ்சம்தான் எடுக்கிறது' என்று சொன்னால் அவர் கொஞ்சத்துக்குத்தான் மருந்து தருவார். கணக்காகச் சொல்லுங்கள். 35 சதவீதச் சாராயத்தில் ஒரு கால், அதாவது 180 மில்லிலீட்டர், ஏறத்தாழ 50 கிராம் தூய மதுசாரம். 10 கிராமை ஓர் அளவு என்று வைத்தால் ஐந்து அளவு. முழுப் போத்தல் 750 மில்லிலீட்டருக்கு இருபதுக்கு மேல். 'பியர்தானே' என்பவருக்கும் கணக்கு உண்டு: 8.8 சதவீத ஸ்ட்ரோங் பியர் 500 மில்லிலீட்டர் கான் ஒன்றில் மூன்றரை அளவு இருக்கிறது. மூன்று கான் அடித்தவர் இரண்டு காலுக்கு மேல் அடித்தவர். களவாகக் காய்ச்சும் கசிப்புக்கு இந்தக் கணக்கே கிடையாது, அதில் என்ன எவ்வளவு என்று காய்ச்சியவனுக்கே தெரியாது. எத்தனை அளவு, கடைசியாக எத்தனை மணிக்கு, முன்பு வலிப்பு வந்ததா, வேறு என்ன குளிசை எடுக்கிறீர்கள் என்ற நாலையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும் என்றால், பொதுவாக டயசிபாம் அல்லது குளோர்டயசிபொக்சைட் குளிசையைக் கூட்டிக் கொடுத்து, ஒரு கிழமையளவில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கூடவே தயமின், அதாவது விட்டமின் பி1. இந்தக் குளிசையைத் தெரிந்த பாமசியில் சொல்லி எடுத்து, அதோடு குடிக்கவும் குடித்தால் மூச்சு நிற்கும் ஆபத்து உண்டு. இன்னொன்று, நம் ஆட்களுக்குச் சேலைன் மேல் உள்ள பக்தி. 'ஒரு போத்தில் ஏத்தினா ஆள் எழும்பிருவான்' என்று சின்ன டிஸ்பென்சரியில் போய்க் கேட்டு வாங்குவார்கள். ஏறுவது குளுக்கோஸ் கலந்ததாக இருந்தால், நெடுநாள் குடித்து, சாப்பாட்டைக் கைவிட்டவருக்கு முதலில் தயமின் கொடுக்காமல் அதை ஏற்றுவது பிழை. மிச்சசொச்சமாக இருக்கும் பி1ஐயும் குளுக்கோஸ் செலவழித்துவிடும். கண் ஆட்டம், தள்ளாட்டம், ஞாபகம் போவது என்று மூளையைப் பாதிக்கும் வருத்தம் அப்படித்தான் தொடங்குகிறது. 'தயமின் போட்டாச்சா டொக்டர்?' என்று ஒரு வார்த்தை கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

சரி, கை நடுக்கம் நின்றுவிட்டது. இனிக் கூட்டம்.

அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., 1935 இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து அக்ரன் நகரில் தொடங்கியது. தொடங்கிய விதம் நமக்குத் தேவையான ஒரு பாடம். பங்குச்சந்தை வேலையாக அந்த ஊருக்குப் போன பில் என்பவருக்கு வந்த காரியம் சரிவரவில்லை. குடியை விட்டுச் சில மாதங்கள்தான். ஹோட்டல் முகப்பில் நிற்கிறார், ஒரு பக்கம் பார். மறுபக்கம் இருந்த தொலைபேசியை எடுத்து, தேவாலயங்களின் இலக்கங்களைப் பார்த்து, 'எனக்குக் கதைக்க இன்னொரு குடிகாரன் வேண்டும்' என்ற கணக்கில் ஒவ்வொன்றாக அழைத்தார். அப்படிக் கிடைத்தவர் பொப் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர். அவருடைய கடைசிக் குடி நாளான 1935 ஜூன் 10ஐத்தான் ஏ.ஏ.யின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். குடியை நிறுத்த ஏ.ஏ. வகுத்த பன்னிரண்டு படிகளும் அதன் புத்தகமும் எல்லாம் பிறகு வந்தவை. முதலில் வந்தது ஒரு போன் அழைப்பு.

கொழும்பிலும் தொடக்கம் போன்தான். ஏ.ஏ.க்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. தேவாலய மண்டபம், பாடசாலை அறை, சமூக நிலையம் என்று இரவல் இடங்களில் நடக்கும், வாடகையைக் குழு கொடுக்கும். இரவல் இடம் என்றால் மாறும். இணையத்தில் கிடைக்கும் பட்டியல் எப்போதோ யாரோ போட்டதாக இருக்கலாம். விலாசத்தை மட்டும் நம்பிப் போய்ப் பூட்டிய கேற்றைப் பார்த்தவர், 'எனக்கு விதிச்சது இவ்வளவுதான்' என்று திரும்பி வரும் வழியில் எங்கே நிற்பார் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே இலங்கை ஏ.ஏ.யின் தொடர்பு இலக்கத்தைத் தேடி எடுத்து, போகிற அன்றைக்கே அழையுங்கள். சொல்லவேண்டியது இவ்வளவுதான்: 'அண்ணா, எனக்குக் குடிப் பிரச்சினை இருக்கு. இண்டைக்கு மீட்டிங் இருக்கா? எந்த கேற்றால வரணும்? என்ன மொழியில நடக்கும்? துணைக்கு ஒரு ஆள் வரலாமா?'

நாலு கேள்வியும் காரணத்தோடுதான். கேற்றைப் பற்றிக் கேட்பது ஏனென்றால், பெரிய தேவாலய வளவில் முன்வாசலால் போனால் திருப்பலிக்கு வந்த கூட்டத்துக்குள் நிற்கவேண்டி வரும். மண்டபம் பின்பக்கத் தெருவில் இருக்கும். காவலாளியிடம் 'ஏ.ஏ. மீட்டிங்' என்று மட்டும் கேளுங்கள், குடி என்ற சொல்லே வேண்டாம். 'துணைக்கு ஒரு ஆள் வரலாமா' என்பது திறந்த கூட்டமா மூடிய கூட்டமா என்று அறிவதற்கு. திறந்த கூட்டத்துக்கு மனைவி, மகன், கூட்டாளி யாரும் கூட வரலாம். மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். புது ஆள் இரண்டுக்கும் போகலாம், துணைக்கு ஆளைக் கூட்டிப்போகிறவர்தான் கேட்டுக்கொள்ளவேண்டும்.

போனை எடுக்கவில்லை என்றால் மனம் விடவேண்டாம். அங்கே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கவில்லை, வேலைக்குப் போகும் ஒருவரின் சட்டைப் பையில்தான் அந்த போன் இருக்கும். ஒரு எஸ்.எம்.எஸ். போட்டுவிட்டுப் பின்னேரம் திரும்ப எடுங்கள். அதற்குள் வேறு கதவுகளும் உண்டு. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927, அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இரண்டும் சுருக்க இலக்கங்கள். மனம் சோர்ந்தவர்களுக்குக் காது கொடுக்கும் தொண்டு அமைப்பான சுமித்ரயோவின் 'மெல் மெதுர' கொழும்பு 7, ஹோட்டன் பிளேஸில் இருக்கிறது. குடியும் போதைப்பொருளும்தான் அவர்களின் வேலை, குடும்பத்தாரும் போய்க் கதைக்கலாம். அரச ஆஸ்பத்திரி மனநல கிளினிக்கிலும் இலவசமாகப் பார்ப்பார்கள். கூட்டம் எங்கே என்று அங்கேயுள்ள வைத்தியரிடமோ சமூக சேவையாளரிடமோ கேட்டால் சிலவேளை இணையத்தைவிட நல்ல பதில் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஏ.ஏ.க்குக் கட்டணம் இல்லை, பதிவுப் படிவம் இல்லை, அடையாள அட்டை கேட்பதில்லை. மாதம் இவ்வளவு, முற்பணம் இவ்வளவு என்று யாராவது பேசினால் அது தனியார் மறுவாழ்வு நிலையம். அதில் நல்லதும் இருக்கலாம், கேவலமானதும் இருக்கலாம், ஆனால் அது ஏ.ஏ. இல்லை. பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் 'குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்' என்று வரும் விளம்பரத் தூள்கள் இன்னும் மோசம். அதில் டைசல்ஃபிரம் கலந்திருந்தால், கறிக்குள் போட்டுக் கொடுத்துவிட்டு அவர் வெளியே போய்க் குடிக்கும்போது முகம் சிவந்து, இதயம் படபடத்து, இரத்த அழுத்தம் சடாரென்று விழும். டைசல்ஃபிரம் வைத்தியர் எழுதித் தரும் நல்ல மருந்துதான், எடுப்பவர் தெரிந்து எடுக்கும்வரை. கடைசிக் குளிசைக்குப் பிறகும் இரண்டு கிழமைவரை அதன் வேலை இருக்கும். எடுக்கிறவர்கள் அரிஷ்டத்தையும் தொடக்கூடாது. ஆயுர்வேதக் கடையில் விற்பதால் அது மருந்தென்று நினைக்கிறோம். புளித்து உண்டான மதுசாரம் அதற்குள் இருக்கிறது. இருமல் பாணிப் போத்தலின் லேபலையும் படித்துவிட்டே குடிக்கவேண்டும்.

இப்போது கொழும்புத் தமிழருக்கு மட்டுமே உள்ள சிக்கலுக்கு வருவோம். கூட்டம் பெரும்பாலும் சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில் நடக்கும். நம் ஆளுக்குச் சிங்களம் தெரியும், நன்றாகவே தெரியும். புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் பேசுவார், பொலிசில் முறைப்பாடு எழுதுவிப்பார், பஸ்ஸில் மிச்சக் காசுக்குச் சண்டை பிடிப்பார். ஆனால் பிள்ளையின் உண்டியலை உடைத்த இரவைப் பற்றிச் சிங்களத்தில் சொல்லச் சொன்னால் நாக்கு நிற்கும். வெட்கம் தாய்மொழியில்தான் இருக்கிறது, அந்த மொழியில்தான் அது வெளியே வரும். ஆங்கிலக் கூட்டத்தில் இது வேறு மாதிரிப் பிழையாகப் போகும். இலக்கணம் பார்த்துப் பார்த்துச் சொல்லும்போது உண்மை அழகாகிவிடும். அழகாகச் சொன்னதும் வீட்டுக்குப் போய் ஒன்றும் நடக்காததுபோல இருக்கலாம்.

இதற்காகத் தமிழ்க் கூட்டம் கிடைக்கும்வரை காத்திருப்பது பெரும் பிழை. என் அபிப்பிராயத்தில் வேலையை இரண்டாகப் பிரிக்கவேண்டும்: உடம்பைக் கொழும்பில் கிடைக்கும் ஏதாவதொரு அறைக்குக் கொண்டுபோவது ஒன்று, நாக்கை ஒரு தமிழ்க் காதுக்குக் கொண்டுபோவது மற்றது. சிங்களக் கூட்டத்தில் கேட்டுக்கொண்டிருப்பதற்குத் தேவையானது ஒரு வசனம்தான்: 'அத மம அஹகென விதரக் இன்னம்.' இன்று கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறேன் என்றால் யாரும் வற்புறுத்தமாட்டார்கள். இரண்டாம் மூன்றாம் முறை போகும்போது 'தெமளென் கதா கரன்ன புளுவன்த?', அதாவது தமிழில் பேசலாமா என்று கேட்டுவிட்டுத் தமிழிலேயே மூன்று நிமிடம் சொல்லுங்கள். அறையில் பாதிப் பேருக்கு வார்த்தை விளங்காது. பரவாயில்லை. அவர்கள் அந்தக் குரலை அறிவார்கள், உங்களுக்கும் வாய்விட்டுச் சொன்ன காரியம் முடிந்திருக்கும்.

தமிழ்க் காதுக்கு இணையவழிக் கூட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஏ.ஏ. தமிழில் நடக்கிறது. கொழும்புக்கும் சென்னைக்கும் மணிக்கூடு ஒன்றேதான் என்பதால் இரவு எட்டு மணி என்றால் நமக்கும் எட்டு மணி. ஏ.ஏ.யின் இணையக் கூட்டங்களுக்கென்று உள்ள உலகப் பட்டியலில் மொழியைத் தெரிவுசெய்து தேடலாம். அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம் போட்டிருந்தால் அவர்களின் கோடையில் ஒன்பதரை மணித்தியாலமும் குளிரில் பத்தரையும் கூட்டிக்கொள்ளுங்கள். வருடத்தில் இரண்டு முறை மாறும் இந்த ஒரு மணித்தியாலத்தில்தான் பலர் கூட்டத்தைத் தவறவிடுகிறார்கள்.

ஸூமுக்குள் போகுமுன் பெயரைப் பாருங்கள். கூகுள் கணக்கிலிருந்து முழுப்பெயரும், சிலருக்குக் கம்பனிப் பெயரும்கூடத் திரையில் விழும். முதற்பெயர் மட்டும் இருக்கும்படி மாற்றுங்கள். கமராவை மூடினால் டேட்டாவும் கொஞ்சமாகத்தான் போகும். வட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் உங்கள் இலக்கமும் முகப்புப் படமும் அதில் உள்ள எல்லோருக்கும் தெரியும். பெண்சாதி பிள்ளைகளோடு எடுத்த கலியாண வீட்டுப் படம் அங்கே தேவையா என்று யோசியுங்கள். இடப்பிரச்சினையும் உண்டு. வெள்ளவத்தை பிளாட்டில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் எத்தனை என்று எண்ணலாம், அப்படிச் சுவர். காதில் மாட்டிக்கொண்டு மரைன் டிரைவில் இறங்கி நடப்பவர்கள் உண்டு. ஒரு பக்கம் ரயில், அதற்கப்பால் கடல், யாரும் யாரையும் கேட்க முடியாத சத்தம். ரயில் போகும்போது மைக்கை மூடிவிடுங்கள், அவ்வளவுதான் நிபந்தனை.

வெள்ளவத்தை என்றதும் வெட்கத்தின் மற்றப் பக்கம் ஞாபகம் வருகிறது. அங்கே யார் யாருடைய மச்சான் என்று எல்லாருக்கும் தெரியும். கொட்டாஞ்சேனையும் அப்படித்தான். 'தெரிஞ்ச ஆள் கண்டா?' என்பது பலரைக் கேற்றோடு திருப்பி அனுப்புகிறது. கண்டவரும் அதே கதிரையில் இருக்கத்தான் வந்திருக்கிறார் என்பது ஒரு பதில். மனம் கேட்காது என்றால் வீட்டுக்கு எதிர்த்திசையில் உள்ள கூட்டத்தைத் தெரிவுசெய்யுங்கள். வெள்ளவத்தைக்காரர் கரையோர ரயிலில் கோட்டைப் பக்கமோ, கொட்டாஞ்சேனைக்காரர் காலி வீதிப் பக்கமோ போவதில் ஒரு பஸ் காசுதான் கூட. ஆனால் ஏற்கெனவே ஊர் முழுக்கப் பார்த்திருக்கிறது, பஸ் ஸ்டாண்டில் சறம் அவிழ்ந்து கிடந்ததை. அதைக் கண்டவர்களுக்கு இது ஒரு புதினமே இல்லை.

உள்ளே என்ன நடக்கும்? ஒரு மணித்தியாலம், சில இடங்களில் ஒன்றரை. கதிரைகள் வட்டமாகவோ மேசையைச் சுற்றியோ இருக்கும். நடத்துபவர் ஏ.ஏ. என்றால் என்ன என்ற சின்னக் குறிப்பை வாசிப்பார், அமைதிக்கான ஒரு சிறு பிரார்த்தனை வரும், புத்தகத்தில் ஒரு பகுதி வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக, முதற்பெயரும் 'நான் ஒரு குடிநோயாளி' என்பதும் சொல்லிப் பேசுவார்கள். அந்த வசனத்தை நீங்கள் சொல்லியே ஆகவேண்டும் என்றில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே கேள்வி கேட்பதோ புத்தி சொல்வதோ கிடையாது. மூன்று பேர் கூடினால் நாலு புத்தி சொல்லும் நம் சனத்துக்கு இந்த விதிதான் முதலில் விசித்திரமாக இருக்கும். ஒரு தொப்பியோ பையோ சுற்றி வரும். இடத்துக்கும் தேத்தண்ணிக்குமான காசு அது, புது ஆள் போடத் தேவையில்லை. அன்றைக்கு ஒரு வாய் எடுத்துவிட்டு வந்தவரையும் பொதுவாக இருக்க விடுவார்கள், பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கச் சொல்வார்கள்.

தேவாலய மண்டபம் என்றதும் சைவர்களும் முஸ்லிம்களும் ஒரு தயக்கத்தோடு கேட்பார்கள், மதம் மாற்றுவார்களோ என்று. மண்டபம் வாடகைக்குத்தான். படிகளில் கடவுள் என்ற சொல் வரும், 'அவரவர் விளங்கிக்கொண்டபடி' என்ற சேர்மானத்தோடு. கடவுளே வேண்டாம் என்பவருக்கு 1994 இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்மார்ட் ரிக்கவரியின் இணையக் கூட்டங்கள் இருக்கின்றன, ஆங்கிலம் தெரிந்திருக்கவேண்டும்.

என்னைக் கேட்டால் கூட்டத்தின் முக்கியமான பகுதி கூட்டம் தொடங்குவதற்கு முந்திய கால் மணித்தியாலமும் முடிந்த பிறகான அரை மணித்தியாலமும்தான். புது ஆட்கள் நேரத்துக்கு வந்து, கடைசிக் கதிரையில் இருந்து, முடிந்ததும் முதல் ஆளாக ஓடுவார்கள். அப்படி இருபது கூட்டம் போனாலும் ஒரு இலக்கம்கூடக் கையில் இருக்காது. பிந்திப் போகாமல் கால் மணித்தியாலம் முந்திப் போங்கள். பிளேன்டீ ஊற்றுபவரிடம் போய் நில்லுங்கள். கை நடுங்கும் ஆளுக்கு அரைக் கோப்பைதான் ஊற்றுவார்கள், சிந்தாமல் குடிக்க. அதைப் பார்த்தே தெரியும், ஊற்றுபவரின் கையும் ஒரு காலத்தில் நடுங்கியிருக்கிறது என்று. முடிந்தபின் கதிரை அடுக்க ஒரு கை கொடுங்கள். அடுக்கிக்கொண்டே, 'அண்ணா, உங்கட நம்பரைத் தாறீங்களா?' மூன்று பேரின் இலக்கம் எடுத்துக்கொண்டு வெளியே வரவேண்டும். அடுத்த நாள் மூவரில் ஒருவருக்குச் சும்மா ஒரு அழைப்பு, குடிக்கத் தோன்றாத நேரத்தில். சும்மா இருக்கும்போது எடுத்துப் பழகாத இலக்கத்தை, நாக்கு வரளும் நேரத்தில் எவரும் எடுப்பதில்லை.

கூட்டம் ஆறரைக்கு என்றால் ஐந்திலிருந்து ஆறரைவரை எங்கே இருப்பீர்கள் என்பதை முந்திய நாளே தீர்மானியுங்கள். குடியின் நேரம் அதுதான். வேலை முடிந்து, வெறும் வயிற்றோடு, சம்பளக் காசோடு, தனியாக. பசி, கோபம், தனிமை, களைப்பு நாலும் ஆளைக் கவிழ்க்கும் என்று ஏ.ஏ.க்காரர் சொல்வார்கள், பின்னேரம் ஐந்தரைக்குப் புறக்கோட்டையில் நாலும் ஒன்றாக வரும். ஒரு மாலுபாணும் சீனி போட்ட பிளேன்டீயும் இந்த நேரத்தில் பெரிய வேலை செய்யும். சாராயம் குடிக்கவேண்டும் என்று தோன்றுவதில் ஒரு பங்கு வெறும் பசி. கூட்டத்தோடு நாள் முடிவதில்லை என்பதால் ஏழரைக்குப் பிறகான திட்டமும் வேண்டும். தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டம் என்பது அமெரிக்காவிலிருந்து வந்த ஆலோசனை. கொழும்பில் நேரில் அத்தனை கூட்டம் போவது பலருக்கும் கஷ்டம். கிழமைக்கு இரண்டு நேரில், மற்ற நாட்களில் தமிழில் இணையத்தில் என்று போட்டால் எண்ணிக்கை கிட்டத்தட்ட வந்துவிடும்.

இது வேலை செய்யுமா என்று கேட்பவர்களுக்கு: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் நிறுவனம் 2020 இல் வெளியிட்ட தொகுப்பில் 27 ஆய்வுகள், 10,565 பேர். ஏ.ஏ.யோடு இணைந்த சிகிச்சைக்குப் போனவர்களில் ஒரு வருட முடிவில் முற்றாகக் குடிக்காமல் இருந்தவர்கள் 100க்கு 42 பேர், வேறு உளவியல் சிகிச்சைகளில் 35 பேர். நம் நாட்டு ஆட்களை வைத்துச் செய்த கணக்கில்லை இது. எப்படியோ, 58 பேர் ஒருமுறையாவது குடித்திருக்கிறார்கள் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. விழுந்தால் அடுத்த கூட்டத்துக்குப் போவதுதான் வழமை, யாரும் துரத்தமாட்டார்கள். நாட்கணக்குத்தான் ஒன்றிலிருந்து தொடங்கும்.

'நான் ஐயப்பனுக்கு மாலை போட்டால் 41 நாள் தொடமாட்டேன், அதனால் எனக்கு அந்த வருத்தம் இல்லை' என்பது கொழும்புத் தமிழரிடம் அதிகம் கேட்கும் வாதம். தபசு காலத்தில் விடும் கத்தோலிக்கரும், நோன்பு மாதத்தில் விடும் முஸ்லிமும் இதையே வேறு எண்ணிக்கையோடு சொல்வார்கள். நிறுத்த முடியுமா என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. 42 ஆம் நாள் என்ன நடக்கிறது என்பதைத்தான் பார்க்கவேண்டும். மாலை கழற்றிய அன்றே வாகனத்தில் போத்தல் திறக்கிறதா? முடிவுத் திகதி உள்ள விரதத்தில் மனம் நாளை எண்ணிக்கொண்டு இருக்கிறது, பரீட்சை முடியக் காத்திருக்கும் பிள்ளைபோல. ஏ.ஏ.யில் திகதியே இல்லை, இன்றைக்கு மட்டும் என்பார்கள். ஆயினும் மாலை போட்ட காலத்தை வீணாக்கவேண்டாம். உடம்பு தெளிந்து, வீட்டில் நிம்மதி இருக்கும் அந்த 41 நாளுக்குள்ளேயே ஆறு கூட்டம் போய்ப் பார்த்துவிட்டால், 42 ஆம் நாளுக்கு ஒரு இடம் இருக்கும்.

ஆறு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு கூட்டத்தை வைத்து முடிவெடுக்க முடியாது. அன்றைக்கு ஒருவர் இருபது நிமிடம் தன் பெருமையைப் பேசியிருக்கலாம். ஒரே இடத்துக்கு ஆறு முறை போகாமல் இரண்டு மூன்று இடமாகப் பாருங்கள்.

ஸ்பொன்சர் என்பவர் படிகளைக் கடக்க உடன் வரும் பழைய உறுப்பினர். குறைந்தது ஒரு வருடம் குடிக்காமல் இருப்பவர், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது வழக்கம். அவர் வைத்தியர் இல்லை, 'குளிசையை நிப்பாட்டு' என்றால் கேட்கவேண்டாம். கடன் கேட்கவோ கொடுக்கவோ கூடாது, பல நல்ல உறவுகள் அதில்தான் முறிந்தன. தமிழ் ஸ்பொன்சர் கொழும்பில் கிடைக்காவிட்டால் தமிழ்நாட்டிலிருந்து போனில் இருக்கலாம். பெண்களுக்கு நேரடிக் கூட்டத்தில் தான் ஒருத்தி மட்டும் என்ற நிலை வரலாம். இணையத்தில் பெண்களுக்கு மட்டுமான கூட்டங்கள் உண்டு, அங்கிருந்து தொடங்குவது நல்லது. புதிதாக வந்த பெண்ணிடம் அக்கறையாக இலக்கம் கேட்கும் ஆண்களிடம் கவனம்.

வீட்டுக்காரர்கள் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: 'அவரை எப்பிடிக் கூட்டிக்கொண்டு வாறது?' இழுத்துக்கொண்டு வர முடியாது. அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். குடிப்பவரின் குடும்பத்துக்கென்று 1951 இல் உருவான அல்-அனோன் அதற்குத்தான், இணையத்திலும் நடக்கிறது. அதுவரை நிறுத்தக்கூடிய காரியம் ஒன்று உண்டு. வேலைத்தலத்துக்கு போன் எடுத்து, 'அவருக்குக் காய்ச்சல்' என்று அவருக்காகப் பொய் சொல்வது.

கடைசியாகப் போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை. போயா தினத்தில் மதுக்கடை பூட்டு என்பதால் அந்த நாள் லேசு என்று நினைப்பார்கள். ஆபத்து முந்திய நாள் பின்னேரம். வைன் ஸ்டோர் கம்பிக்கு முன்னால் வரிசை தெருவரைக்கும் வரும், ஆளுக்கு இரண்டு போத்தல், கடதாசியில் சுற்றி. வரிசையில் நிற்கும் தெரிந்த முகம் கையைக் காட்டும். விடுமுறை நாளில் கூட்டம் நடக்காமலும் இருக்கலாம். ஆகவே மாதக் கலண்டரில் போயாவுக்கு முந்திய நாளை வட்டம் போட்டு, அன்றைக்கு நேரடிக் கூட்டமோ இணையக் கூட்டமோ ஒன்றை முன்கூட்டியே எழுதி வையுங்கள். பஸ் தரிப்பிடம் வைன் ஸ்டோருக்கு நேரெதிரே என்றால் ஒரு தரிப்பிடம் முந்தி இறங்குங்கள். வீட்டுக்கு நடக்கும் அந்த ஏழெட்டு நிமிடத்துக்குள், எடுத்து வைத்த மூன்று இலக்கத்தில் ஒன்றாவது பதில் சொல்லும்.